வராத விளையாட்டுக்கு எழுதிவைத்த பெயர்

தம்பி,

ஒரே தபாலில் பெங்களூரிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று நீ எழுதியது, மற்றது மல்லிகா எழுதியது. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எழுதியிருக்கிறீர்கள் என்பது படித்ததும் புரிந்துவிட்டது. உங்கள் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் என்னைப் பஞ்சாயத்துக்கு உட்காரவைத்துவிட்டீர்கள். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வரப்போகிறதாம். அதை இன்னும் செய்தே முடிக்கவில்லையாம். என்ன கதை, எப்படி இருக்கும், எப்போது கைக்கு வரும் என்று கடைக்காரருக்கே தெரியாதாம். அதற்கு நீ முழுப் பணத்தையும் கட்டிப் பெயர் எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறாயாம். மல்லிகா இப்படி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர் கேட்பார் அத்தை" என்று முடித்திருக்கிறாள். நீயோ, "நீ வேண்டாம்னு சொன்னா நாளைக்கே போய்ப் பேரை அடிச்சிட்டு வந்திடுதேம்மா" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நாலு நாள் பேனாவை எடுக்கவில்லை. கணக்கு டீச்சருக்கு ஒரு கணக்குக்கு நாலு நாளா என்று உன் அப்பா கேலி செய்தார். விடை தெரியாமல் இல்லை. விடையைச் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எட்டு வருஷமாக அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

நம் வீட்டுக்கு அந்த டிவி கேம் வந்த சாயங்காலம் உனக்கு நினைவிருக்கும். அந்த வருஷம் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்பு நன்றாகக் காய்த்திருந்தது. சப்பட்டை மாங்காய் லாரி லாரியாகப் போனது. கடைசி லோடு போன கையோடு, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டு வீடியோ டெக் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த சேவியரின் கடைக்குப் போய், அப்பா அந்தப் பெட்டியை வாங்கி வந்துவிட்டார். அதுவரை டிவி எதைக் காட்டியதோ அதை நாம் பார்த்தோம். செய்தி என்றால் செய்தி, வயலும் வாழ்வும் என்றால் அதுவும். அன்றைக்கு நீ கைப்பிடியை எடுத்துப் பொத்தானை அழுத்தினாய். திரையில் இருந்த குட்டி மனிதன் எம்பிக் குதித்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. நான் எதையும் சும்மா நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியுமே. உள்ளே ஏதோ படம் ஓடுகிறது, பையன் சும்மா பொத்தானைத் தட்டுகிறான் என்று நினைத்து கைப்பிடியின் ஒயரைப் பிடுங்கினேன். அவன் அப்படியே நின்றுவிட்டான். திரும்பச் செருகி நீ அழுத்தியதும்தான் நடந்தான். அப்பா கை கழுவப் போனவர் ஈரக் கையோடு வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பய சொல்லுததக் கேக்குதே இது" என்று மெல்லச் சொன்னார். என் பதினைந்து வருஷ வாத்தியார் வேலையில் வகுப்பில் ஒரு பையனைச் சொன்ன இடத்தில் உட்காரவைக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். நீ ஒரு விரலால் ஓர் ஆளை மதில் தாண்ட வைத்தாய். நீ இரண்டாவது கைப்பிடியை என் பக்கம் நீட்டி, "நீயும் வாம்மா" என்றாய். பேப்பர் திருத்த வேண்டும் என்று எழுந்துபோய்விட்டேன். உண்மையில் பயமாக இருந்தது. தப்பாக அழுத்தி அவனைப் பள்ளத்தில் தள்ளிவிடுவேனோ என்று.

அடுத்த தை மாசம், நீ ஒன்பதாம் வகுப்பு. பொங்கல் கழிந்த வாரம் சேவியர் ஒரு செய்தி சொன்னார் என்று ஓடி வந்தாய். மெட்ராஸிலிருந்து டிவி கேமுக்குப் புது விளையாட்டுக் கேசட் வருகிறது, வருவது பத்தே பத்து, வேண்டுமென்றால் இப்போதே பணத்தைக் கட்டிப் பெயர் எழுதிவைக்க வேண்டும். நீ பொங்கலுக்கு அத்தைமார் கொடுத்த பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாய். கொடுத்த பிறகுதான் வந்து சொன்னாய். அது என்ன விளையாட்டு என்று கேட்டேன். தெரியாது என்றாய். சண்டையா, பந்தயமா? தெரியாது. சேவியராவது பார்த்திருக்கிறாரா? அவரும் பார்க்கவில்லை. பிறகு எப்படி நல்லாயிருக்கும் என்று சொல்கிறாய் என்றேன். "நல்லாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் உன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருந்தேன். மம்சாபுரத்தைத் தாண்டி, மலை அடிவாரத்துத் தோப்பில், பூத்த மாமரத்துக்குக் கீழே நின்ற உன் அப்பாவிடம்.

உன் அப்பாவின் தொழிலை நீ கோடை விடுமுறையில்தான் பார்த்திருக்கிறாய், காயாக. நான் கல்யாணமான புதிதில் அதன் ஆரம்பத்தைப் பார்த்தேன். தையிலும் மாசியிலும் மரம் பூத்து நிற்கும்போதே தோப்பைக் குத்தகைக்குப் பேசிவிட வேண்டும். காய் வந்த பிறகு போனால் விலை கைக்கு எட்டாது. ஒரு நாள் காலையில், நீயும் வந்து பாரேன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தம்பி, நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்தவள், மாமரத்தைப் பார்க்காதவள் இல்லை. ஆனால் ஒரு தோப்பு முழுக்க ஒரே நேரத்தில் பூத்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன். இலையே தெரியவில்லை. பின்னால் மலை நீலமாக நிற்கிறது, முன்னால் இத்தனை மரமும் மங்கலான மஞ்சளும் சிவப்புமாக, ஈக்களின் ரீங்காரம் காதை அடைக்கிறது. அப்பா தோள் துண்டை எடுத்து ஒரு கொத்துக்குக் கீழே விரித்துப் பிடித்து லேசாக உலுக்கினார். துண்டில் விழுந்த பூவையும் பூச்சியையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு செத்த நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் தோப்புக்காரரிடம் போய் அட்வான்ஸைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். இதில் காய் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். மேலே கையைக் காட்டி, இம்புட்டும் காய்தானே என்றார். ஒரு கொத்தில் ஒன்றோ இரண்டோதான் நிற்கும், மீதி எல்லாம் உதிர்ந்துவிடும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அப்படி நின்றார்.

நீ மூன்று வயசுப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வருஷம் ஒன்றுமே நிற்கவில்லை. விடாமல் மூடுபனி, அதோடு பூவை உறிஞ்சுகிற தத்துப்பூச்சி. பத்து நாளில் பூவெல்லாம் கருகிப்போனது. பணம் போனது பெரிதில்லை, என் சம்பளம் இருந்தது. ஆனால் உன் அப்பா பதினோரு நாள் வீட்டுக்கு வரவில்லை. தோப்பில்தான் இருக்கிறார் என்று ஆள் வந்து சொன்னார்கள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். கருகின மரத்துக்குக் கீழே உட்கார்ந்து, யாராவது வைது அனுப்பினால் தேவலை என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் வையவில்லை. வாங்க வீட்டுக்கு என்று மட்டும் சொன்னேன். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது, தூங்கிக்கொண்டிருந்த உன் தலையைத் தடவிக்கொண்டே, இந்தப் பிள்ளை பார்க்காத பொருளுக்குக் காசு கொடுக்கிறவனாக மட்டும் வளரக் கூடாது என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். பதினோரு வருஷம் கழித்து நீ அதே முகத்தோடு என் முன்னால் வந்து நின்றாய்.

இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் முடிந்து நம் ஊருக்குத் திரும்பியவள் நேரே சேவியர் கடைக்குப் போய் உன் பெயரை அடிக்கச் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். உன் பெயர்தான் முதல் பெயர். உன் கையால் நீயே எழுதியிருந்தாய், பரீட்சைப் பேப்பரில் எழுதுவதைவிட அழகாக. "பையன்ட்ட ஒரு வார்த்த கேட்டியளா டீச்சர்?" என்றார். நான் அவனுடைய அம்மா என்றேன். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அவன் எங்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர். ரெண்டு பேரு சேந்து ஆடலாமான்னான். எனக்கே தெரியாதுப்பான்னேன். பரவால்லண்ணே, எழுதிக்கிடுங்கன்னுட்டான்." அது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. அடியுங்கள் என்றேன். அடித்தார். பணத்தை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவனிடம் சொல்ல வேண்டாம், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். தள்ளத் தள்ளச் சொல்வது கஷ்டமாகிப்போனது.

நீயோ காத்திருக்க ஆரம்பித்தாய். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் சேவியர் கடையில் நின்று கேட்டுவிட்டு வருவாய். பாவம் அந்த மனிதர், எனக்குக் கொடுத்த வாக்குக்காக இன்னும் வரவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார். நாளாக ஆக நீ சலித்துப்போவாய், தானாக மறந்துவிடுவாய் என்று நான் போட்ட கணக்கு தப்பிப்போனது. ஒவ்வொரு நாளும் நேற்றைவிடச் சந்தோஷமாக வந்தாய். வந்ததும் வராததுமாக, நான் வகுப்புக்குப் போட்டு மிஞ்சிய சைக்ளோஸ்டைல் கேள்வித்தாள்களை எடுத்து அவற்றின் பின்பக்கத்தில் வரைய உட்கார்ந்துவிடுவாய். ஒரு நாள் நீ இல்லாதபோது அதை எடுத்துப் பார்த்தேன். நாற்பது தாளுக்கு மேல் இருக்கும். அந்தக் கேசட்டில் என்ன இருக்கும் என்று நீ நினைத்தாயோ அத்தனையும் வரைந்திருந்தாய். மலை, மலைக்குள் குகை, குகைக்குள் ஆறு, ஆற்றைத் தாண்டினால் ஒரு நூல் மில், அங்கே நூலைச் சுற்றுகிற கதிர்களுக்கு நடுவில் குதித்துப் போக வேண்டும். பஞ்சு மூட்டைமேல் ஏறினால் ஓர் உயிர் கூடுதலாகக் கிடைக்கும். ஒவ்வொரு தாளும் முடிகிற இடத்தில் அடுத்த தாளுக்கு ஒரு கதவு. நான் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். இந்தப் பக்கம் என் இருபடிச் சமன்பாடுகள், அந்தப் பக்கம் உன் ஆறும் மலையும். என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குள் இம்புட்டு இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன் தம்பி. வராத விளையாட்டை நீ தினமும் ஆடிக்கொண்டிருந்தாய். அது உனக்கு வரவே போவதில்லை என்பது நம் வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்போதாவது எழுந்து போய் உன் பெயரைத் திரும்ப எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. போனேன். பத்து இடமும் நிறைந்துவிட்டது என்றார் சேவியர்.

பங்குனியில் கேசட் வந்தது. நீ போனாய். உன் பெயர் இல்லை. சேவியர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உன் பெயரைத் தான்தான் தவறவிட்டதாகச் சொல்லி, தன் கைப்பணத்தை உன்னிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நீ வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்னது எனக்கு ஓர் எழுத்து மறக்கவில்லை. "சேவியர் அண்ணன் மறந்துட்டாரும்மா. பாவம், எம்புட்டுப் பேரத்தான் ஞாபகம் வச்சிருப்பாரு." அழுதிருந்தால் சொல்லியிருப்பேன். நீ அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு நின்றாய். நான் உனக்குக் காபி போடப் போனேன். மறுநாள் அவருடைய பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். "அவன் இனிமே இந்தப் படி ஏற மாட்டான் டீச்சர்" என்றார். அப்படியேதான் நடந்தது. அந்தத் தெருவையே விட்டுவிட்டு அடுத்த தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போனாய். வரைவதையும் நிறுத்திவிட்டாய்.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கேசட் ஒன்றுக்கும் ஆகாதது. பழைய விளையாட்டையே மேலே புதுப் படம் ஒட்டி யாரோ மெட்ராஸில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். சேவியரும் சேர்ந்துதான் ஏமாந்தார். தெருவில் அதைக் கேள்விப்பட்டதும், பார்த்தாயா, நம் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு நாள் முழுக்க எனக்குள்ளேயே மார்தட்டிக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம், பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது அந்தப் பத்துப் பேரும் சேவியர் கடை வாசலில் நிற்பதைப் பார்த்தேன். கேசட்டின் மேல் படத்தைக் காட்டிக் காட்டி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சேவியரும் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருந்தார். நீ அங்கே இல்லை. வீட்டில் எனக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். அவர்கள் பத்துப் பேரும் சேர்ந்து ஏமாந்தார்கள், உன்னை நான் தனியாக ஏமாற்றியிருந்தேன். அது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உறைத்தும் எட்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. என்னை மன்னித்துவிடு தம்பி.

உன் கடிதம் வந்த பிறகுதான் அப்பாவிடமே இதைச் சொன்னேன். "ஏட்டி, அவன் பூவப் பாத்துட்டு வந்து நின்னுருக்கான். நீ காய் எங்கன்னு கேட்டிருக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தத் தாள்கள் இருக்கிறதா என்று கேட்டார். பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் நான் பத்திரப்படுத்தியிருந்தவற்றை எடுத்துக் கொடுத்தேன். முழங்கால் வலியால் இந்த வருஷம் அவர் தோப்புக்குப் போகவில்லை, தெரியுமா? முப்பது வருஷத்தில் பூப் பார்க்காத முதல் வருஷம். அந்த மனிதர் அத்தனை தாளையும் கூடத்தில் வரிசையாகப் பரப்பி, கதவுக்குக் கதவு சேர்த்து, நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். தோப்பில் பார்த்த அதே முகம். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். உன் விளையாட்டின் கதாநாயகன் தோளில் ஒரு துண்டு போட்டிருக்கிறான். பள்ளம் வந்தால் அந்தத் துண்டை விரித்துப் பிடித்துப் பறந்து தாண்டுகிறான். அது யார் என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் நான் அன்றைக்குக் கவனிக்காத ஒன்றை அவர் விரல் வைத்துக் காட்டினார். அவனுக்குப் பின்னால் எல்லாத் தாளிலும் ஒரு பொம்பளை வருகிறாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினதுபோல கையில் குடை, தோளில் தொங்குபை, அள்ளிச் செருகின கொண்டை. தலைக்குமேல் சின்னதாக ‘2’ என்று எழுதியிருந்தாய்.

ஆகவே விடை இது. நீ பெயர் எழுதிவைத்திருக்கும் விளையாட்டு நன்றாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக இல்லாமலும் போகலாம். உன் அப்பாவின் வழக்கம் இரண்டைச் சொல்கிறேன், அவர் சொல்லமாட்டார். இன்றைக்கே கொடுத்தால்தான் ஆச்சு என்று தோப்புக்காரர் அவசரப்படுத்தினால் பூ எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுவார். போனால் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்கிற பணத்தைத் தொடமாட்டார். அந்தக் கருகின வருஷத்தில்கூட நாம் ஒரு வேளையும் பட்டினி கிடந்ததில்லை, அவர் வெட்கப்பட்டதுதான் அதிகம். உன் பெங்களூர்க் கடைக்காரர் உன்னை விரட்டினாரா? நீ கட்டியது கல்யாணப் பணமா? இரண்டும் இல்லை என்றால் மீதி உன் பாடு. மல்லிகாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், இந்தக் கதையை ஒன்றுவிடாமல். அவள் பயப்படுவதில் தப்பில்லை, பயந்து நான் செய்ததைத்தான் அவள் செய்யக் கூடாது என்று எழுதினேன். இந்த உறைக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். பஞ்சு மூட்டைத் தாள். மீதியை அப்பா கொடுக்கமாட்டேன் என்கிறார்.

நாளைக்கு அந்தக் கடைக்குப் போ. பெயரை அடிக்காதே. உன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதிவிட்டு, ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாமா என்று கேட்டுப் பார். தெரியாது என்று சொன்னால் பரவாயில்லை, எழுதிக்கொள்ளச் சொல்.

அம்மா